இரண்டாவது கம்பளி

மலைமேல் ஒரு வீட்டில், உறைபனி தொடங்கியதும் வீட்டுக்காரர் குடிநீர்க் குழாய்க்குக் கம்பளி சுற்றினார். உள்ளே நீர் உறையாதிருக்க, அது சொட்டிக்கொண்டே இருக்கும்படி சற்றுத் திறந்தும் வைத்தார். அந்தச் சொட்டுகள், வெளிச்சுவரில் வெறும் உடம்போடு நின்ற கழிவுநீர்க் குழாயினுள் விழுந்து, உறைந்து படிந்தன.

“அண்ணே, தொண்டை அடைக்கிறது. சொட்டுவதை நிறுத்துங்கள்” என்றது கழிவுநீர்க் குழாய்.

“நிறுத்தினால் நான் வெடித்துவிடுவேன். வாளி வாளியாய் விழுங்கியவனுக்கு ஒரு சொட்டா பாரம்?”

“எனக்கும் விளங்கவில்லை. வாளி நீர் ஓடிவிடுகிறது, சொட்டுதான் தங்கிவிடுகிறது.”

காலையில் கழிவுநீர் சமையலறைக்குள் ஏறியது. திகைத்த வீட்டுக்காரர், கம்பளி போதவில்லை போலும் என்று குடிநீர்க் குழாய்க்கே இன்னொன்றையும் சுற்றினார்.

“எனக்கு எதற்கு?” என்று குழம்பிப்போய்க் கழிவுநீர்க் குழாயைக் கேட்டது அது.

பதில் சொல்ல வேண்டியவனின் வாய் நிறையப் பனிக்கட்டி.