பையில் இருந்த ஈயக்குண்டுகள்

எடைக் கருவிக்கு முதுகு காட்டித்தான் ஏற வேண்டும். எடை எண்ணை ஆய்வில் சேர்ந்த பெண்கள் பார்க்கக் கூடாது என்பது விதி. பத்தொன்பது வயது லுஹான் ஏறி நிற்கிறாள். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்து ஜூலை மாதக் குளிர்காற்று ஜன்னலைத் தடதடக்க வைக்கிறது. பக்கத்து அறையில் குழுப் பெண்கள் சேர்ந்து சாப்பிடும் மேஜையில் மாத்தே தேநீர்க் கோப்பை கைமாறுகிறது, சிரிப்பு வெடிக்கிறது. அளப்பவள் கிரிசெல்டா எண்ணைப் பார்க்கிறாள். போன மாதத்தைவிட ஒரு கிலோ கூடுதல். கன்னம் மட்டும் இன்னும் ஒட்டிக் கிடக்கிறது. லுஹான் கால் மாற்றி நிற்க, கால்சட்டைப் பையில் ஏதோ உரசுகிறது.

"பையில என்ன?"

"வீட்டுச் சாவிக்கா."

"ஒரு கிலோவுக்கா? வீடா, ஜெயிலா?"

லுஹான் சிரிக்கவில்லை. அப்பாவின் மீன்பிடி ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைக்கிறாள். டொக். டொக்.

"எடை குறைஞ்சா குழுவுலேருந்து எடுத்துருவீங்கல்ல?"

"இது, மெலியணும்னு பட்டினி கிடக்கிற நோய் வராம தடுக்கிற ஆய்வும்மா. வந்துட்டா டாக்டர்கிட்டதான் அனுப்பணும்."

"நான் சாப்பிடுறதே இவளுங்களோட அந்த மேஜையில மட்டும்தான்கா."

கிரிசெல்டாவின் பேனா படிவத்தில் எடை எழுதும் கட்டத்தின் மேல் நிற்கிறது.

"லுஹான்! கடைசி ரொட்டிடி! வர்றியா, நானே முழுங்கட்டா?" என்று கதவுக்கு அப்பாலிருந்து ஒருத்தி கத்துகிறாள்.

லுஹான் பேனா முனையையே பார்க்கிறாள்.