ஸ்டீரிங்கில் ஆட்டம்

கட்டிலும் அடுப்புமாக வீடாகிவிட்டிருந்த அந்தப் பழைய வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு கத்தினான் மெக்கானிக் ஜீஷான்.

"ஸ்டீரிங்க அப்டியும் இப்டியும் ஆட்டு நைனா!"

சீட்டிலிருந்த பெரியவர் சின்னப்பையன் ஆட்டினார்.

"முன்வீல் பால் ஜாயிண்ட் தேஞ்சி லொடலொடங்குது. இத்தோடயா எண்ணூர்லருந்து ராயபுரம் வந்தே? வண்டிய பத்தி ஒரு எழவும் தெரியாதா?"

சின்னப்பையன் இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து புது ஜாயிண்டை எடுத்து நீட்டினார். கூடவே, பழையதைக் கழற்றச் சரியான ஸ்பானரையும்.

ஜீஷான் வெளியே வந்தான். "நீ மெக்கானிக்கா?"

"ஹார்பர் லாரிங்களுக்கு. முப்பது வருசம்."

"அப்ப நீயே பாத்துருக்கலாமே? என்கிட்ட இன்னாத்துக்கு வந்தே?"

"அடில படுத்துப் பாக்க நான் கீறேன் பாய். பொஞ்சாதி போனப்புறம், மேல குந்திகினு ஆட்டத்தான் வூட்ல ஆளில்ல."