எல்லைக்கு உள்ளே

பெண்ணின் அப்பா மணவாளன் செருப்பைக் கழற்றிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று அம்பத்தூர் ஃபிளாட்டின் வாசலில் நின்று முழித்தார்.

'கீது', 'இன்னா' என்று பேசுகிற ஆசாமி. அயனாவரத்தில் சொந்த வீடு வைத்திருக்கிறார் என்பதால் மன்னித்துவிட்டேன்.

நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வாங்கிய வீட்டைப் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார். இவர் தலையாட்டினால் என் பையன் லோகேஷுக்குக் கல்யாணம். இல்லாவிட்டால் முப்பத்தைந்து வயதில் மறுபடியும் தரகர், மறுபடியும் ஜாதகம். இதற்கு முன் வந்த நான்கு வரன்களும், சென்னையில் சொந்த வீடு இருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் கழன்றுகொண்டன.

இவனிடம் விட்டிருந்தால் ஆவடியில் வாங்கியிருப்பான்.

ஆவடி! அதுவும் இப்போது மாநகராட்சியாம். பேர் வைத்துவிட்டால் ஆயிற்றா? அங்கே வீடு என்று சொன்னால் 'அது சென்னையா?' என்று பெண் வீட்டார் கேட்பார்கள். பின்கோடைக் காட்டி நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அதே விலைக்கு அங்கே மூன்று படுக்கையறை. கடைசி அறைக்கு என்னைக் கூட்டிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, "இங்க காத்து நல்லா வருதும்மா" என்றான்.

காற்றுக்காகவா வீடு வாங்குகிறோம்? அசட்டுப் பிள்ளை. அவன் அப்பாவும் இப்படித்தான். கிடைத்தது போதும் என்றே இருந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார்.

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். வழிக்கு வந்தான்.

போன மாதம் பத்திரம் பதிந்தாயிற்று. அம்பத்தூரில் ஒற்றைப் படுக்கையறை. ஹாலில் சோபாவைப் போட்டால் மனிதர் நடக்க முடியாது. இருக்கட்டுமே. சென்னை மாநகராட்சி எல்லைக்கு உள்ளே இருக்கிறது. விலாசத்தை மணவாளனிடம் இதற்குள் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

அவர் படுக்கையறையைப் பார்த்தார். வெளியே வந்தார். இன்னொரு கதவைத் திறந்தார். அது குளியலறை. மூடினார். வேறு கதவு இருக்கிறதா என்று சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

இவ்வளவு தூரம் வந்து இதுவும் போய்விடுமோ?

மணவாளன் சிரித்தார்.

"ஒரே ரூமுதான் கீது. இன்னா இப்போ? எலி வளையானாலும் தனி வளை. சின்னஞ்சிறுசுங்க ரெண்டு பேரு, இது போதும் சம்பந்திம்மா."

சம்பந்திம்மா என்று சொல்லிவிட்டார்! இப்போது தெரிகிறதா யார் சொன்னது சரி என்று லோகேஷைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாணம் கூடிவந்தவன் முகமா அது?

மணவாளன் செருப்பை மாட்டிக்கொண்டே, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க இப்போ கீற திருநின்றவூர் வாடகை ஊட்லயே இருந்துக்குவீங்க, இல்ல?"

நான் எங்கே படுப்பேன் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மகனோடு இருப்பேன் என்பதைத் தவிர வேறு எதையும் நினைத்ததில்லை. அவமானத்தில் காது சுட்டது.

லோகேஷ் வாயைத் திறந்தான். அவன் எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுப்பதற்குள் நானே முந்திக்கொண்டேன்.

"ஆமாங்க," என்றேன். "ஆவடி தாண்டி நாலே ஸ்டேஷன்தான்."