வெள்ளிக் கால்

முழங்கால் சில்லு கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது ஆனந்தமேரிக்கு. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் பாதி ஆயுசு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்ற கால் அது. மெக்சிகோவில் வந்து மலையேறும் என்று யார் கண்டார்கள்?

குவானாஹுவாத்தோ. அந்தப் பெயர் இன்னும் அவள் வாய்க்குள் நுழையவில்லை. ஸ்பெயின்காரன் கட்டிய பழைய ஊராம். மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் நீலமும் ரோஸுமாக வீடுகள், தெருவெல்லாம் படிக்கட்டு. கறுப்பு அங்கி மாட்டிய பையன்கள் கிடார் அடித்துப் பாடிக்கொண்டே போக, பின்னால் ஒரு கூட்டம் ஆடிக்கொண்டே போனது.

மகன் கிளெமென்ட் இடது காலை லேசாக இழுத்து இழுத்து முன்னால் ஏறினான். பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் இன்ஜினியர். டிக்கெட் போட்டு அம்மாவை வரவழைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த இழுப்பு கண்ணில் படக்கூடாது என்றுதான் அவள் வீட்டுச் சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, நொண்டிப்பய நானே ஏறுறேன், நீ என்னடான்னா படிக்குப் படி உக்காந்துக்கிற?"

"அப்படிச் சொல்லாத அப்பு."

"எது, நொண்டின்னா?" அவன் சிரித்தான். "இங்க ஆபீஸ்ல என் பேரே அதான். அவங்க பாஷையில செல்லமாக் கூப்பிடுவாங்க."

வழியில் வாங்கிக் கொடுத்த சோளக்கதிரில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவியிருந்தார்கள். "நம்ம பஸ் ஸ்டாண்டு சோளம் மாதிரியே இல்ல?" என்றான். ஒரு கடி கடித்துவிட்டு மீதியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

உச்சியில் ஒரு கோயில். உள்ளே, கையில் குழந்தை இயேசுவோடு அந்தோணியார். அவர் காலடியில் ஒரு சிவப்புத் துணி. அதில் கையும் கண்ணும் காலுமாகக் குட்டிக் குட்டி வெள்ளித் தகடுகள் குத்தியிருந்தன. கேட்டது கிடைத்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை.

"பாத்தியா? நம்ம ஊரு மாதிரியே உருவம் வைக்கிறாங்க. இதுக்குத்தான் உன்னைய இம்புட்டுத் தூரம் ஏத்திக் கூட்டியாந்தேன்."

சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் கால்.

"எதுக்குப்பா? என் மூட்டு வலிக்கா?"

"உனக்கில்லம்மா. நீ எனக்காக நேர்ந்த கால். பக்கத்து வீட்டு ஐரின் அத்தை போன்ல போட்டு உடைச்சிருச்சு. கோயில்ல அத்தை பக்கத்துல முட்டி போட்டுத்தான வெள்ளிக் கால் நேர்ந்த? 'உங்கம்மா அந்தோணியாருக்கே கடன் வச்சிருக்குடா'ன்னு ஒரே புலம்பல்."

ஆனந்தமேரி உள்ளங்கையை மூடினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஏம்மா குடுக்கல? நொண்டல் முழுசாப் போனாத்தான் தருவேன்னு சாமிகிட்டயே பேரமா?"

அவள் கையைத் திறந்து அந்த வெள்ளிக் காலைத் திருப்பிப் பார்த்தாள்.

"நெனச்சுப் பாரு. கனடாவுக்கு மறுநாள் பிளைட்டு. நத்தம் ரோட்டுல பைக்கு சறுக்கி விழுந்தேன். வேலையும் போச்சு, விசாவும் போச்சு. ஆனா நீ இருந்த பாத்தியா! ரெண்டு மாசம் என் கட்டில விட்டு நகரல. கோயிலுக்குக்கூட ஒரு எட்டு போகல. இந்தக் கால் நடக்குதுன்னா அது நீ ஊட்டுன சோறு."

"போதும்ப்பா."

"சரி, குத்திவிடு. அந்தோணியார் எந்த ஊர்ல இருந்தா என்ன? கணக்கு ஒண்ணுதான்."

பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு பெண் விலகி இடம் விட்டு, ஊசியும் எடுத்துக் கொடுத்தாள். ஆனந்தமேரி ஊசியைத் துணிவரை கொண்டுபோனாள். புருஷன் செத்த வீட்டில் ஒற்றைப் பிள்ளையின் பயணப் பெட்டி, கயிறு கட்டி வாசலில் நின்றது அவள் கண்ணுக்குள் வந்தது. அன்றைக்கும் அந்தோணியார் இதே முகத்தோடுதான் நின்றார்.

ஊசியைத் திருப்பிக் கொடுத்தாள். வெள்ளிக் காலை மகன் கையிலேயே வைத்து மூடினாள்.

"இது நீ வாங்குனது. இத வச்சா என் கடன் தீராது."

"அட, யாரு வாங்குனா என்னம்மா? கால் நல்லானதுக்கு நன்றி சொல்றோம், அம்புட்டுத்தான?"

வெளியே கிடார் சத்தம் நெருங்கி வந்தது. ஊரைவிட்டு வந்ததிலிருந்து முதல் தடவையாக, அவனுடைய இடது காலை நேராகப் பார்த்தாள்.

"நல்லாகணும்னு நேரலப்பு. நீ பிளைட்டு ஏறக்கூடாதுன்னு, 'இவன் கால ஒடிச்சுப்போடு, வெள்ளியில கால் தாரேன்'னு நேர்ந்தேன். அவரு குடுத்துட்டாரு. நான்தான் இன்னும் குடுக்கல."