இரவல் லென்ஸ்

"நல்லா இருக்குடா உன் லட்சணம்! ஒரு வாரம் இரவல் கொடுத்ததுக்கு இதுவா கதி?"

லென்ஸைத் தூக்கிப் பிடித்து டார்ச் அடித்துக் காட்டினார் அவனுடைய அக்கா புருஷன். உள்கண்ணாடியில் சிலந்தி நூல் பின்னிய மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. மனிதருக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு அது உச்சந்தலைக்கே ஏறியிருந்தது.

"மன்னிச்சிடுங்க அத்தான். ஈரத்துல வெச்சுட்டேன் போல. நானே கழற்றிச் சுத்தம் பண்ணித் தர்றேன்."

உள்ளேயிருந்து வந்த அவன் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அதெப்படிண்ணா, ஒரே வாரத்துல..."

"நீ சும்மா இரு. தப்பு என்னோடதுதான்."

அத்தான் லென்ஸை மேஜையில் வைத்தார். "இனிமே எதையும் கேட்டு என் வாசல் பக்கம் வந்துடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"போட்டோகிராபர் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா? இது வருஷக்கணக்கான பூஞ்சை. ஏதோ நகை மாதிரி பீரோவுக்குள்ள பூட்டிப் பூட்டி வெச்சு வளர்த்தது அவரு. பழி மட்டும் உங்களுக்கா?"

"வாங்கிட்டு வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். அதுல ஒரு படம்கூட எடுக்கல. சத்தமில்லாம சுத்தம் பண்ணிக் கொடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மனுஷன் டார்ச்சோட வந்து நிக்கிறாரு."

"தெரிஞ்சுமா மண்டையை மண்டையை ஆட்டினீங்க? முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

அவன் லென்ஸை மெல்லத் துணியில் சுற்றினான்.

"அக்கா சாகறதுக்கு முன்னால அத்தான் ஒரு போட்டோ எடுத்தாரே, அவர் வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்குமே... அது இந்த லென்ஸ்ல எடுத்ததுதான்."

"அதுக்கென்ன இப்போ?"

"அக்கா முகத்தைச் சுத்தி ஒரு ஒளி தெரியும். 'போற நேரத்துலயும் உங்கக்கா எப்படி ஜொலிக்கிறா பாருடா'ன்னு சொல்லிச் சொல்லித்தான் அவரு நாளை ஓட்டுறாரு. லென்ஸ்ல பூஞ்சை இருந்தா வெளிச்சம் அப்படித்தான் பரவும். அதை நான் எந்த வாயால அவருகிட்ட சொல்லட்டும்?"

இத்தனை நேரம் திட்டித் தீர்த்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. அத்தான்தான். கோபம் இன்னும் மிச்சம் இருந்திருக்கும். அவன் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"அண்ணா, அவரைத் திட்டாதீங்க. லென்ஸை ஈரத் துணியோட சேர்த்து அலமாரியில வெச்சது நான்தான்."