காலி டப்பா

லேப் வண்டி கிளம்பப் போகிறது. உச்சிமாகாளி கையில் இருக்கும் சாம்பிள் டப்பா இன்னும் காலிதான்.

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர மெடிக்கல் டெஸ்ட். கண், காது, ரத்தம் எல்லாம் முடிந்துவிட்டது. சிறுநீர் ஒன்றுதான் பாக்கி. கோவில்பட்டியிலிருந்து வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் ஆறு பேரோடு முட்டி மோதிக்கொண்டு கிடந்ததெல்லாம் கடைசியில் இதற்காகவா வீணாகப் போக வேண்டும்?

பக்கத்தில் ஆள் நின்றால் அவனுக்கு வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். தண்ணீர் கலந்து கொடுத்துவிடுவார்களாம், அதனால் கதவு வைத்த கழிவறைகளை எல்லாம் பூட்டிவிட்டார்கள். தடுப்பே இல்லாத வரிசையில் நின்றுதான் போக வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே காத்திருக்கிறது. குடித்த தண்ணீரில் வயிறு வெடிக்கிறது, ஒரு சொட்டு வரவில்லை.

நர்ஸ் சத்யப்பிரியா இரண்டு தடவை அவன் பேரைக் கூப்பிட்டுவிட்டாள். சாம்பிள் தராதவர்கள் அடுத்த மாசம்தான் வர வேண்டுமாம். அடுத்த மாசம் ஆள் எடுப்பார்களா என்று யாருக்குத் தெரியும்?

இதில் மணிமங்கலத்துக்காரன் தாவீதின் நக்கல் வேறு. அவனும் வேலைக்கு வந்தவன்தான். காலையிலிருந்து வாயை மூடவில்லை.

"இன்னா தம்பி, மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டு வரிசையையே சிரிக்க வைத்தான்.

உச்சிமாகாளிக்கு அழுகையே வந்துவிட்டது. இவனெல்லாம் ஒரு மனுஷனா?

திடீரென்று அதே தாவீது அலறினான். "பாம்பு! குழாயாண்ட பாம்பு கீது, ஓடுங்கடா!"

கூட்டம் சிதறியது. பாதியில் நிறுத்திவிட்டு ஓடியவர்களும் உண்டு. உச்சிமாகாளியும் பாய்ந்தான். தாவீது அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. செக்யூரிட்டி கம்பு எடுத்தாரப் போயிருக்கான். அதுக்குள்ள போ. நான் வாசல்ல நிக்கிறேன்."

உள்ளே யாரும் இல்லை. இப்போதும் வரவில்லை என்றால்? கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டான்.

வந்துவிட்டது.

நிறைந்த டப்பாவோடு வெளியே வந்தவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்புட்டுக் கேலி பண்ணிட்டு, இப்ப எதுக்குண்ணே இதச் செஞ்சீக?"

தாவீது முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினான். சட்டைக்குள்ளிருந்து தன் டப்பாவை எடுத்தான். அதுவும் காலியாக இருந்தது.

"எல்லாரும் உன்னியப் பாத்து சிரிச்சா, என்னிய எவனும் பாக்கமாட்டான்னு நெனச்சேன். இப்ப நீ வாசல்ல நில்லு தம்பி, எவனையும் உள்ள வுட்டுடாத."