கைமாற்றாகப் போன ரேம்

எங்கள் ஊர் கட்கி பஜார் கணபதி மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொன்னதில்லை.

கனடாவில் இருக்கும் என் மகள் கோதை, பிறந்து பத்து நாளான பேத்தியை அன்று காலை வீடியோவில் காட்டுவதாக இருந்தது. முதல் தரிசனம்.

மருமகன் அனுப்பிய புது லேப்டாப், அப்பளம் கனம்தான் இருக்கும், அந்த நேரம் பார்த்து அணைந்துபோயிற்று.

ரிப்பேர் கடைக்காரன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எல்லாம் பசை போட்டு ஒட்டியது.

“யே குல்தா ஹீ நஹி, அங்கிள். நயா லே லோ.”

திறக்கவே திறக்காதாம். புதிது வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

வீட்டுப் பரணில் என் பழைய லேப்டாப் இருந்தது. செங்கல் கனம். வேகம் குறைந்தபோதெல்லாம் பெரிய ரேமாக வாங்கிச் செருகுவேன். எனக்கு வயதாக ஆக அது இளமையாகிக்கொண்டே வந்தது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் எல்லாம் கையோடு வரும்.

அதுதான் வினை. அக்கம்பக்கத்தார் சர்க்கரை, காப்பிப்பொடி மாதிரி அதன் பாகங்களைக் கைமாற்று வாங்கிப் போயிருந்தார்கள்.

அடுத்த வீட்டு ஸ்டெல்லா ரேமைக் கிரைண்டரில் மாட்டியிருந்தாள். உளுந்து ஒரே நிமிடத்தில் பொங்கிவிடுகிறதாம்.

மாடி வீட்டு ஜெபகுமார் பேட்டரியை ஸ்கூட்டரில் போட்டு, பெட்ரோல் இல்லாமலே தான் வேலை பார்க்கும் சாகண் ஃபாக்டரிக்குப் போய்வந்துகொண்டிருந்தான்.

எதிர்வீட்டுச் சந்தானம் மறதிக்காரர். ஹார்ட் டிஸ்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகு, மனைவி வாங்கிவரச் சொன்ன சாமான் எதுவும் விட்டுப்போவதில்லை.

வாசலில் நின்று கத்தினேன். மூவரும் பாகங்களோடு ஓடிவந்தார்கள். மாட்டினோம். விசிறி லாரி மாதிரி உறுமியது. திரையில் வெளிச்சம் வந்தது.

யாரும் போகிற வழியாக இல்லை.

“எங்க ரேம் போட்டுத்தானே பாப்பா வரப்போவுது? நான்தான் மொதல்ல பாப்பேண்ணே,” என்று ஸ்டெல்லா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“நகருக்கா, பேட்டரிய உருவிட்டுப் போயிருவேன்,” என்றான் ஜெபகுமார்.

சந்தானம், நாம் எதற்காக இங்கே கூடியிருக்கிறோம் என்று என்னைக் கேட்டார்.

பேத்தி வந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்து, “சாப்டீங்களா தாத்தா?” என்றாள்.

ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவரவர் பாகத்தை அவரவர் கழற்றிக்கொண்டு போனார்கள். மதியம் ஸ்டெல்லா வீட்டிலிருந்து இட்லி வந்தது. பஞ்சு.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது கட்கியில் எல்லோருக்கும் தெரியும்.